எட்டாவது லிங்கத்துக்கு வழி

அத்தியாயம் 17

சனிக்கிழமை வந்தேவிட்டது. எழிலரசிக்கு பிரசாத் வைத்த கெடுவுக்குக் கடைசி நாள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்கும், புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், யம லிங்கத்தைத் தாண்டினால் பிரசாத்தின் தங்கும் விடுதி. அதில் நாலு வருஷமாக அறை கூட்டி, படுக்கை விரிப்பு மாற்றி வந்தவள் நம் எழிலரசி. ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட, "அந்த எடத்துக்கு நான் வரேன் சார்" என்று துணிந்து கேட்டுவிட்டாள். பத்தாம் வகுப்போடு நின்றவள் கேட்கிற கேள்வியா இது என்று சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை வாயைப் பிளந்தார்கள். பிரசாத் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு வாரம் உக்காந்து காட்டு. வர்றவங்க முக்கால்வாசி வெளிநாட்டுக்காரங்க. அவங்களுக்கு வழி சொல்றதுதான் இங்க பாதி வேலை. சனிக்கிழமை முடிவு சொல்றேன்" என்றார்.

இன்னொரு பக்கம், அவள் புருஷன் ஆதிமூலத்தை அவனுடைய அண்ணன் பலராமன் கீழ்பென்னாத்தூருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலத்தைப் பார்க்க ஆளில்லை, புதிதாக வாங்கிய வேனை ஓட்டவும் ஆளில்லை. ஆட்டோவை விற்றுவிட்டு வா என்றார். புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எழிலரசிக்கு இந்த வேலை கிடைத்தால் டவுனில் இருப்பது. இல்லையென்றால் மூட்டையைக் கட்டுவது.

எழிலரசிக்குக் கீழ்பென்னாத்தூர் ஒன்றும் பிடிக்காத ஊர் இல்லை. ஆனால் அங்கே அவள் பலராமன் வீட்டுச் சின்ன மருமகள், அவ்வளவுதான். இங்கே அவளுக்கென்று ஒரு மேஜை கிடைக்கப் போகிறது. அந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்கே கைநழுவிப் போய்விடுமோ என்று பயம்.

விடியற்காலை ஐந்தரைக்கே அடுப்படியில் பாடம் ஆரம்பமாகிவிட்டது. வாத்தியாரம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகள் இனியா.

"அரிசி எங்கம்மா இருக்குது?"

"இன் த குக்கர்."

"குக்கர்?"

"ஆன் த ஸ்டவ்."

"அப்பா?"

எழிலரசி எட்டிப் பார்த்தாள். ஆதிமூலம் வாசலில் நின்று சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"அட் த டோர்."

"சூப்பரும்மா."

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. குக்கரில், அடுப்பில், வாசலில் என்று ஒரே ஒரு 'ல்' போட்டால் வேலை முடிந்தது. வெள்ளைக்காரனுக்கு மட்டும் அந்த ஒரு 'ல்' போதாது. உள்ளே அடங்கினால் இன், மேலே ஒட்டினால் ஆன், இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டினால் அட். இனியா ஒரு வாரமாக இதையே அரைத்து ஊட்டியிருந்தாள்.

"பஸ்ஸுக்கு மட்டும் ஏன்டி ஆன்? நான் இன்னா பஸ்ஸு மேல ஏறியா உக்கார்றேன்?"

"உள்ள எழுந்து நடக்க முடிஞ்சா ஆன். பஸ்ஸு, ரயிலு, கப்பலு. குனிஞ்சு பூந்து உக்காந்தா இன். காரு, ஆட்டோ."

ஆதிமூலம் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான். "அப்ப என் வண்டி மட்டமா?"

"உன் வண்டில எழுந்து நின்னு காட்டு, ஆன் போட்டுக்கலாம்" என்றாள் மகள்.

வீட்டுக்குப் போவதற்கு மட்டும் எதுவுமே வேண்டாம், கோ ஹோம் என்றாலே போதும் என்று அவள் சொன்னபோது எழிலரசிக்கு மனசு நிறைந்துபோயிற்று. இங்கிலீஷ்காரனுக்கும் வீடு என்றால் தனி மரியாதைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வழி சொல்வதற்கு இனியா ஒரு சூட்சுமம் வைத்திருந்தாள். "கண்ணை மூடிக்கோம்மா. ரோட்டுல காலை வை. மனசுக்குள்ளயே நட. ஓரமாவே போனா அலாங். குறுக்கால கடந்தா அக்ராஸ். ஊருக்குள்ள பூந்து வெளிய வந்தா த்ரூ. நிக்காம தாண்டினா பாஸ்ட். காலு என்ன பண்ணுதோ அதான் வார்த்தை."

அந்தச் சூட்சுமம் வேலை செய்தது. கொஞ்சம் ஜாஸ்தியாகவே வேலை செய்துவிட்டது, அதுதான் வம்பு.

ஆறரை மணிக்கு எழிலரசி ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மாடியிலிருந்து இங்கிரிட் இறங்கி வந்தாள். நார்வேக்காரி. அறுபத்தெட்டு வயசு, ஆறடி உயரம், தோளில் ஒரு துணிப்பை. ஊருக்கு வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது.

அவளுக்கு ஒன்பது மணிக்கு ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும். மூன்று மாசம் தங்குவதற்கு வாடகைக்குக் கேட்டிருக்கிறாள். ஈசானிய லிங்கத்துக்குப் பின்னால் இருக்கிற புது நகரில், தாட்சாயிணி என்ற கோயில் குருக்கள் வீட்டம்மா கட்டிய வீடு. பெங்களூர்க்காரர்கள் வேறு பத்து மணிக்கு அதே வீட்டைப் பார்க்க வருகிறார்கள்.

"ஆட்டோ? மை ஹஸ்பண்ட்?" என்று எழிலரசி கேட்டாள்.

இங்கிரிட் தலையாட்டி மறுத்து, தன் கால்களைத் தட்டிக் காட்டினாள். நடக்கத்தான் வந்திருக்கிறேன் என்றாள்.

சரியென்று எழிலரசி ஒரு கார்டை எடுத்தாள். கண்ணை மூடினாள். காலை ரோட்டில் வைத்தாள். அவுட் ஆஃப் த கேட். டர்ன் லெஃப்ட். வாக் அலாங் த ரோட். நிருதி லிங்கம், வருண லிங்கம் இரண்டையும் தாண்டு, பாஸ்ட். ஆதி அண்ணாமலைக்குள் புகுந்து போ, த்ரூ. மலையைச் சுற்றிக்கொண்டே போ, அரவுண்ட் த ஹில். வாயு லிங்கம், குபேர லிங்கம், அவற்றுக்கும் பாஸ்ட். மலை எப்போதும் உன் வலது பக்கம், ஆன் யுவர் ரைட். ஈசானிய லிங்கம் வந்ததும் நில், ஸ்டாப் அட். வீடு அதற்குப் பின்னால், பிஹைண்ட்.

ஒரு இடத்தில்கூடப் பேனா தயங்கவில்லை. எழுதி முடித்ததும் நெற்றி வியர்த்திருந்தது, நிஜமாகவே நடந்து வந்தவளைப் போல.

பிரசாத் வந்து கார்டை வாங்கிப் படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. "பரவாயில்லயே! ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?"

"இல்ல சார். நானேதான்."

கார்டைப் படம் பிடித்து இனியாவுக்கும் அனுப்பினாள். பத்துக்குப் பத்து என்று உடனே பதில் வந்தது, கூடவே மூன்று நட்சத்திரம். எழிலரசிக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிரிட் கார்டையும் தன் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் போல வாயெடுத்தாள். பிறகு சிரித்துவிட்டு, ஏழு மணிக்கு கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பி நடந்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு ரிசப்ஷன் போன் அடித்தது.

"தாட்சாயிணி பேசறேன். ஒம்போது மணிக்கு வரேன்னு சொன்னாளே உங்காத்து கெஸ்ட், எங்கே அவா? முக்கால் மணி நேரமா வாசல்லயே நின்னுண்டிருக்கேன். பத்து மணிக்கு வேற மனுஷா வந்துடுவா."

எழிலரசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணிக்குக் கிளம்பியவள் இன்னும் போய்ச் சேரவில்லையா? இங்கிரிட் இன்னும் உள்ளூர் சிம் வாங்கவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை.

பிரசாத்தின் முகம் மாறிவிட்டது. "கார்டுல தப்பு ஒண்ணும் இல்ல, நானே படிச்சேன். அந்தம்மா எங்கயோ வழி மாறிட்டாங்க. தனியா வந்த வயசானவங்க, எங்கயாவது மயக்கம் கியக்கம் போட்டு விழுந்துட்டா நம்ம பேரு என்னாவறது? போ, போய்த் தேடு. கூட்டிக்கினுதான் வரணும்."

ஆதிமூலத்துக்குப் போன் போட்ட ஐந்தாவது நிமிஷம் ஆட்டோ வந்து நின்றது. எழிலரசி ஏறியதும் ஏறாததுமாக, "லெஃப்ட்டுல விடுங்க, கார்டுல போட்ட வழியிலேயே போலாம்" என்றாள். அவனும் திருப்பினான். பார்க்கிற டீக்கடையில் எல்லாம் நிறுத்தி, "உயரமா ஒரு வெள்ளக்காரம்மா நடந்து போச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனான். போச்சு, போச்சு என்றுதான் எல்லாரும் மேற்கே கை காட்டினார்கள்.

நிருதி லிங்கத்தைத் தாண்டும்போது ஆதிமூலம் தன்பாட்டுக்கு முணுமுணுத்தான். "ஈசானியத்துக்குப் போறதுக்கு இந்தப் பக்கம் ஏன் வந்துச்சு? டவுன் வழியா பெரிய கோயிலத் தாண்டிப் போயிருந்தா நாலரை கிலோமீட்டர். இப்பிடி போனா ஒம்பதரை ஆவுமே."

"இன்னா சொன்னீங்க?"

"நாலரை கிலோமீட்டர்ன்றேன். தெனம் சவாரி போறேன், எனக்குத் தெரியாதா?"

எழிலரசி முன்னால் இருந்த கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அட கடவுளே! டவுன் வழி அவளுக்குத் தெரியாதா என்ன? பஸ்ஸில் எத்தனை தடவை போயிருக்கிறாள். ஆனால் இனியா கண்ணை மூடி நடக்கச் சொன்னாள், அவள் நடந்தாள். அந்தக் கால் அம்மா இடுப்பில் உட்கார்ந்திருந்த நாளிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையை வலம் வந்த கால். அதற்கு அந்த ரோடு ஒரு பக்கமாகத்தான் போகும். மலை வலது கைப்பக்கம்தான் இருக்கும். இந்திரனில் ஆரம்பித்து அக்கினி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று ஏழையும் கடந்தால்தான் எட்டாவதாக ஈசானியம் வரும். அந்த வரிசையைத் திருப்பிப் போட அவள் மனசுக்குத் தோன்றவே இல்லை. பிரசாத்துக்கும் தோன்றவில்லை, இனியாவுக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் இந்த மலையைச் சுற்றி வளர்ந்தவர்கள்.

"போச்சுங்க" என்றாள். "அந்தம்மா வழி தவறல. நான்தான் மலையைச் சுத்த வெச்சுட்டேன். பாவம், அந்த வயசுல."

"சரி சரி, அழுவாத. பாத்துக்கலாம்" என்று ஆதிமூலம் வேகத்தைக் கூட்டினான்.

வாயு லிங்கத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. பிளாஸ்டிக் நாற்காலியில் இங்கிரிட் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள், குதிகாலில் கொப்புளம். கையில் டீ. கடைக்காரம்மா அவள் காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எழிலரசியைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள்.

எழிலரசி ஓடிப் போய் எதிரில் நின்றாள். கார்டு இல்லை, பேனா இல்லை, கண்ணை மூடவும் நேரம் இல்லை.

"ஐ சென்ட் யூ அரவுண்ட் த ஹில். பட் த ஹவுஸ் இஸ் த்ரூ த டவுன். வெரி நியர். மை மிஸ்டேக், மேடம். நாட் யுவர் மிஸ்டேக். மைன்."

சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை போச்சு என்பதற்காக மட்டும் இல்லை. நம்பி அனுப்பிய காலில் கொப்புளத்தைப் பார்த்ததும் வந்த அழுகை அது.

இங்கிரிட் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மெதுவாக, எழிலரசிக்குப் புரியும்படி சொன்னாள். "எனக்குத் தெரியும். என் போன் அந்தப் பக்கம் போகச் சொன்னது. நாலரை கிலோமீட்டர் என்று காட்டியது. ஆனால் உன் கார்டு இந்தப் பக்கம் போகச் சொன்னது. மலை எப்போதும் வலது பக்கம் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தேன். போன் இந்த ஊரில் பிறக்கவில்லையே, நீதானே பிறந்தாய்? இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடலாம் என்று நினைத்தேன். என் கால்தான் ஏமாற்றிவிட்டது."

எழிலரசி அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி யாரும் அஞ்சு கிலோமீட்டர் கூடுதலாக நடந்ததில்லை. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் பட்டாள்.

"இன், இன் த ஆட்டோ, மேடம். க்விக்" என்று எழுப்பினாள்.

பத்தரைக்கு ஈசானியம் போய்ச் சேர்ந்தார்கள். தாட்சாயிணி அம்மாள் சாவிக்கொத்தோடு கேட்டருகே நின்றிருந்தாள். பெங்களூர் வண்டி அப்போதுதான் கிளம்பித் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"வாங்கோ, வாங்கோ. இப்பத்தான் விடிஞ்சுதா?" என்றாள் தாட்சாயிணி. "அவாளுக்கு வீடு பிடிச்சுடுத்து. மத்தியானம் போன் பண்றேன்னுட்டுப் போறா. டயம்னா டயமா வர்ற மனுஷாளுக்குத்தான் வீட்டைக் கொடுக்கணும். உங்க மேடம் நன்னாத் தூங்கிட்டாளோ?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தொல்லை அதோடு தீர்ந்தது. இங்கிரிட்டுக்குத் தமிழ் தெரியாது. கார்டு சரி, கெஸ்ட்தான் தாமதம் என்று பிரசாத்துக்கும் முடிந்துவிடும். அது எழிலரசிக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்தக் கொப்புளக் கால் பக்கத்திலேயே நிற்கிறதே!

"தூங்கலிங்கம்மா. ஏழு மணிக்கே கெளம்பிட்டாங்க. தப்பு என்னுது. டவுன் வழியா அனுப்பாம, கிரிவலம் போற வழியிலேயே எழுதிக் கொடுத்துட்டேன். நிருதி, வருணன், வாயுன்னு வரிசையா போட்டு..."

தாட்சாயிணி புருவத்தைச் சுருக்கினாள். "சரியாத்தானே எழுதியிருக்கே? ஈசானியத்துக்கு வேற எப்படி வருவா?"

ஆதிமூலம் ஆட்டோவுக்குள்ளேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எழிலரசிக்கும் பொங்கிக்கொண்டு வந்தது.

"டவுன் வழியா நாலரை கிலோமீட்டர்தாங்கம்மா."

தாட்சாயிணி ஒரு நிமிஷம் யோசித்தாள். விரலை டவுன் பக்கம் நீட்டி மடக்கினாள். "அட ஆமாம்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு இங்கிரிட்டின் காலைப் பார்த்தாள். குரலே மாறிவிட்டது. "முதல் தடவையா வீட்டைப் பாக்க வர்றவ, அண்ணாமலையாரை வலமா வந்துன்னா என் வாசலை மிதிச்சிருக்கா! அவாளை வெளியில நிறுத்திப் பேசிண்டிருக்கேனே. உள்ள வரச் சொல்லு, மோர் குடிக்கட்டும் முதல்ல."

உள்ளே போனதும் தாட்சாயிணி தமிழில் கொட்ட, இங்கிரிட் இங்கிலீஷில் கேட்க, நடுவில் எழிலரசி. தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில், ஆன் த டெரஸ். கிணறு பின்பக்கம், பிஹைண்ட் த ஹவுஸ். கேஸ் சிலிண்டர் சிங்குக்கு அடியில், அண்டர் த சிங்க்.

"குரங்கு வரும்னு சொல்லிடு, பின்னால என்னைக் குத்தம் சொல்லப்படாது" என்றாள் தாட்சாயிணி.

"மேடம், மங்கீஸ் கம் ஓவர் த வால், த்ரூ த விண்டோ, இன்டு த கிச்சன்."

"அண்ட் தென்?" என்று இங்கிரிட் கவலையோடு கேட்டாள்.

"தென் அவுட் ஆஃப் த கிச்சன், வித் பனானா."

இங்கிரிட் விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே தாட்சாயிணியும் சிரித்தாள். மோர் டம்ளரைக் கழுவி வைக்கும்போதுதான் எழிலரசிக்கு உறைத்தது, அரை மணி நேரமாக ஒரு தடவைகூட அவள் கண்ணை மூடவில்லை.

பெங்களூர்க்காரர்களின் போன் வந்தபோது, "வீடு கொடுத்தாச்சு" என்று தாட்சாயிணி சொல்லிவிட்டாள்.

விடுதிக்குத் திரும்பியதும் எழிலரசி பிரசாத்திடம் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. பிரசாத் இங்கிரிட்டிடமிருந்து அந்தக் கார்டை வாங்கினார். மறுபடியும் படித்தார். காதெல்லாம் சிவந்தது.

"நான் ரெண்டு வாட்டி படிச்சேனே! நிறுத்தக் குறி மொதக்கொண்டு பாத்தேன். எனக்கும் தோணலயே!"

"சார், வேலை..."

"இனிமே கார்டுல கிலோமீட்டரையும் போடு. கிரிவலம் போறவங்களுக்குத் தனிக் கார்டு, சும்மா போறவங்களுக்குத் தனிக் கார்டு." மேஜையைச் சுற்றி வந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "தப்பை யார் தலையிலயும் கட்டாம நீயே சொன்ன பாரு, அந்த மாதிரி ஆளைத்தான் முன்னால உக்கார வெக்கணும். திங்கக்கிழமையிலேர்ந்து இது உன் சீட்டு. போதுமா?"

போதுமாவாவது! எழிலரசி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் வேலையாக ஆதிமூலத்துக்குப் போன் போட்டாள்.

"வேலை எனக்குத்தாங்க!"

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"கேக்குதா? கெடச்சிட்டுது!"

"ம்... கேக்குது. நல்லது எழிலு. ரொம்ப நல்லது. நாலு மணிக்கு வந்து கூட்டிக்கினு போறேன்" என்று அவசரமாக வைத்துவிட்டான்.

சவாரியில் இருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாலரைக்குத்தான் ஆட்டோ வந்தது. கையில் அல்வாப் பொட்டலமும் மல்லிகைப் பூவும் வைத்திருந்தான். பூவைக் கொடுத்தான், பொட்டலத்தைக் கொடுத்தான். வண்டியைக் கிளப்பவில்லை. கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"எழிலு, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"இன்னாங்க?"

"ஹவுஸ் ஓனராண்ட வியாழக்கிழமையே சொல்லிட்டேன். இந்த மாசத்தோட காலி பண்றோம்னு. அவுரு ஒடனே ஆள் பாத்துட்டாரு. இன்னிக்கி அஞ்சு மணிக்கு அவங்க வீடு பாக்க வராங்க."

எழிலரசியின் கையில் பூ அப்படியே இருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்னுதானே பேசினோம்?"

"பேசினோம்."

"எனக்குக் கெடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"அப்பிடி இல்ல எழிலு. கெடைக்காம நீ அழுதுக்கினு வந்து நிப்ப. அன்னிக்கி இதெல்லாம் வேற பேசணும். முன்னாடியே முடிச்சு வெச்சுட்டா உனக்கு அம்மாம் வலிக்காதுன்னு நெனச்சேன்."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவன். அந்த வார்த்தையும் நிஜம்தான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஜாஸ்தியாக வலித்தது.

"மூணு நாள் பழகின நார்வேக்காரம்மா, போனை நம்பாம என்னை நம்பி நடந்துச்சு. பதினெட்டு வருஷம் என்கூட இருக்கீங்க. நீங்க நம்பலியே."

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டான்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

"அவராண்ட நான் இன்னான்னு சொல்றது? வாக்கு கொடுத்துட்டேனே."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க பேசின வரைக்கும் போதும்."

ஏரிப் பக்கம் திரும்பி, அவர்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். வாசலில் இரண்டு பைக் நின்றிருந்தது. இனியா ஓடி வந்தாள்.

"அம்மா, ஓனர் யாரையோ கூட்டிக்கினு வந்திருக்காரும்மா. நம்ம கிச்சனை டேப் வெச்சு அளக்குறாங்க. ஏம்மா? நாம எங்க போறோம்?"

"எங்கயும் போவல" என்றாள் எழிலரசி.

உள்ளே ஹவுஸ் ஓனர் இளஞ்செழியன், ரிட்டயர்டு வி.ஏ.ஓ., கூடத்தின் நடுவில் நின்று புதுக் குடித்தனக்காரர்களுக்கு மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு சின்ன வயசு ஜோடி. அந்தப் பெண்ணுக்கு ஆறேழு மாசம் இருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

எழிலரசி அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் தயங்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீ மொதல்ல உக்காரும்மா. இனியா, தண்ணி கொண்டா." அந்தப் பெண் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் ஓனர் பக்கம் திரும்பினாள். "சார், நாங்க காலி பண்ணல."

"என்னம்மா இது! உன் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னாரு. அவர் வார்த்தைய நம்பி நான் இவங்களுக்கு வாக்கு கொடுத்துட்டேன். இவங்க அங்க வீட்டைக் காலி பண்றதா சொல்லிட்டாங்க."

"அவர் சொன்னாரு சார். நான் சொல்லல. இந்த வீட்டுல நானும் இருக்கேன்."

இளஞ்செழியன் வாசலைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றிருந்தான் ஆதிமூலம். "ஏம்பா, நீ என்ன சொல்ற? ஆம்பள நீ சொன்ன வாக்கா, இவங்க சொல்றதா?"

எழிலரசி திரும்பிப் பார்க்கவில்லை. ஆதிமூலம் செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

"அது சொல்றதுதான் சார்" என்றான் அவன். "என்னைவிட அதுக்கு வழி நல்லாத் தெரியும்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நாங்க எங்கக்கா போறது?" என்று எழிலரசியைப் பார்த்துக் கேட்டாள்.